131 பந்து, ஒரு ரன்கூட இல்லை!

முதலில் ஒரு துப்பறியும் கணக்கு. ஒரு பவுலர் 32 ஓவர் போட்டார். அதில் 27 ஓவர் மெய்டன். கொடுத்த ரன் மொத்தம் 5. விக்கெட் எதுவும் கிடைக்கவில்லை. ஸ்கோர் புத்தகத்தில் 32-27-5-0 என்று இருக்கிறது. அவர் பந்தில் யாராவது பவுண்டரி அடித்தார்களா? சொல்லுங்கள் பார்ப்போம்.

பேனா, பேப்பர் எதுவும் வேண்டாம். 32-இல் 27 மெய்டன் போனால் மீதி 5 ஓவர். மெய்டன் ஆகாத ஓவர் என்றால் அதில் குறைந்தது ஒரு ரன்னாவது வந்திருக்க வேண்டும். ஓவரும் ஐந்து, ரன்னும் ஐந்து. அப்படியானால் ஓவருக்கு ஒரே ஒரு ரன்தான். பவுண்டரி இல்லை. இரண்டு ரன்கூட யாரும் ஓடவில்லை. மேட்சைப் பார்க்காமலேயே நான்கு எண்களை வைத்து இவ்வளவும் கண்டுபிடித்துவிட்டோம்!

அந்த பவுலரின் பெயர் பாபு நட்கர்னி. நாசிக்கில் பிறந்தவர், இடது கைச் சுழல்பந்து வீச்சாளர். அவர் இதைச் செய்தது நம் சென்னையில்தான். ஆவடியிலோ அம்பத்தூரிலோ மின்சார ரயில் ஏறி, வில்லிவாக்கம், பெரம்பூர் தாண்டி சென்ட்ரலில் இறங்கினால், பக்கத்திலேயே நேரு ஸ்டேடியம். பூந்தமல்லிப் பிள்ளைகளுக்குப் பூந்தமல்லி நெடுஞ்சாலையே வழிகாட்டும். இன்று அங்கே கால்பந்து ஆடுகிறார்கள். 1964-இல் அது கார்ப்பரேஷன் ஸ்டேடியம். அங்கே டெஸ்ட் கிரிக்கெட் நடந்தது.

அந்த ஆண்டு ஜனவரியில் இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் டெஸ்ட். இந்தியா 7 விக்கெட்டுக்கு 457 ரன் எடுத்து டிக்ளேர் செய்தது. புதி குந்தரன் மட்டும் 192 அடித்தார். பிறகு இங்கிலாந்து ஆட வந்தது. மூன்றாம் நாள், ஜனவரி 12. பிரையன் போலஸும் கென் பாரிங்டனும் மட்டை பிடிக்க, நட்கர்னி ஓவர் மேல் ஓவராகப் போட்டுக்கொண்டே இருந்தார். அவர் ஓவர்களில் மட்டும் ஸ்கோர் போர்டு நகரவே இல்லை. ஏறக்குறைய இரண்டு மணி நேரம் அப்படியே போனது. தொடர்ந்து 21 மெய்டன்! பந்துக் கணக்கில் 131 பந்து.

இங்கே இன்னொரு குட்டிப் புதிர். 21 ஓவருக்கு ஆறாறு பந்து என்றால் 126தானே? மீதி 5 பந்து எங்கிருந்து வந்தது? யோசித்துக்கொண்டே படியுங்கள், பிறகு சொல்கிறேன்.

நம்முடைய பெரிய கேள்வி வேறு. தொடர்ந்து 131 பந்து ரன் கொடுக்காமல் போடுவது அதிர்ஷ்டமா, திறமையா? இதற்குப் பதில் சொல்ல ஒரு பகடை போதும்.

பகடை போடும் பவுலிங்

பகடையை உருட்டுங்கள். 6 விழுந்தால் ரன். 1 முதல் 5 வரை எது விழுந்தாலும் டாட் பால். ஆறு முகத்தில் ஐந்து முகம் பவுலர் பக்கம் இருக்கிறதே, சுலபமாக மெய்டன் போட்டுவிடலாம் என்று தோன்றும். உருட்டிப் பாருங்கள், தெரியும்.

முதல் பந்து டாட் ஆகும் வாய்ப்பு 6-க்கு 5. இரண்டு பந்தும் டாட் ஆக வேண்டுமானால்? முதல் உருட்டலில் 6 வகை. அந்த ஒவ்வொரு வகைக்கும் இரண்டாவது உருட்டலில் 6 வகை. மொத்தம் 36 வகை. இரண்டும் டாட் ஆக இருப்பவை 5 × 5 = 25. ஆக 36-க்கு 25. அதாவது வாய்ப்புகளைக் கூட்டுவதில்லை, பெருக்குகிறோம். கணக்குப் பாடத்தில் நிகழ்தகவு என்று வருகிறதே, அதன் உயிர்நாடி இந்தப் பெருக்கல்தான்.

இப்படியே ஆறு முறை பெருக்கினால் ஒரு மெய்டன் ஓவருக்கான வாய்ப்பு கிடைக்கும். அது ஏறத்தாழ மூன்றில் ஒன்று. பரவாயில்லை. தொடர்ந்து 21 பந்து டாட் ஆக வேண்டுமா? 46-இல் ஒன்று. 131 பந்தும் டாட் ஆக வேண்டுமா? ஏறத்தாழ 2,350 கோடியில் ஒன்று! இந்தியாவில் இருக்கும் அத்தனை பேரும் ஆளுக்குப் பத்து முறை முயன்றாலும், ஒருவருக்குக்கூட அமையாமல் போகலாம்.

ஆக வெறும் அதிர்ஷ்டத்தை நம்பி இந்தச் சாதனைக்கு வர முடியாது. பவுலர் பகடையையே மாற்ற வேண்டும். அதாவது ஒவ்வொரு பந்தும் டாட் ஆகும் வாய்ப்பை உயர்த்த வேண்டும். எவ்வளவு உயர்த்தினால் போதும்? இந்தப் பட்டியலை மெதுவாகப் படியுங்கள். இடப்பக்கம் இருப்பது ஒரு பந்துக்கான கணக்கு. வலப்பக்கம் இருப்பது தொடர்ந்து 131 பந்தும் டாட் ஆகும் வாய்ப்பு.

10-க்கு 9 டாட்: 10 லட்சத்தில் ஒன்று
20-க்கு 19 டாட்: ஏறத்தாழ 830-இல் ஒன்று
50-க்கு 49 டாட்: ஏறத்தாழ 14-இல் ஒன்று
100-க்கு 99 டாட்: நான்கில் ஒன்றுக்குச் சற்று மேல்

பரீட்சையில் 90 மார்க் வாங்குபவருக்கும் 99 வாங்குபவருக்கும் என்ன பெரிய வித்தியாசம், ஒன்பது மார்க்தானே என்று நினைப்போம். இங்கே அந்த ஒன்பது மார்க், 10 லட்சத்தில் ஒன்றை நான்கில் ஒன்றாக்கிவிடுகிறது. ஏன்? தவறுகளை எண்ணிப் பாருங்கள். முதலாமவர் நூறு பந்தில் பத்துத் தவறு செய்கிறார், இரண்டாமவர் ஒன்றுதான். தொடர் நீள நீள அந்தச் சின்னத் தவறுகள்தான் அதை அறுக்கும்.

நட்கர்னி அன்று போட்டது 192 பந்து. ரன் போனது 5 பந்தில் மட்டும். 187 பந்து டாட். நூற்றுக்கு 97-க்கும் மேல்! அப்படிப்பட்டவருக்கே, ஒரு பந்தில் தொடங்கி 131 வரை அறுபடாமல் போகும் வாய்ப்பு ஏறத்தாழ 32-இல் ஒன்றுதான். ஆகவே நம் கேள்விக்கு விடை: திறமை இல்லாமல் முடியவே முடியாது, திறமை வந்த பிறகும் கொஞ்சம் அதிர்ஷ்டம் வேண்டும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் இதே கணக்கு

இந்தப் பெருக்கல் கிரிக்கெட்டுக்கு மட்டும் சொந்தமில்லை. அம்பத்தூரில் 1949-இல் தொடங்கியது டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனி. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. சைக்கிள்களை உங்கள் தாத்தா நன்றாக அறிவார். ஒரு சைக்கிள் செயினை எடுத்து எண்ணிப் பாருங்கள். நூறு கண்ணிக்கு மேல் இருக்கும். அதில் ஒன்று அறுந்தாலும் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் வீட்டுக்கு வர வேண்டும்.

ஒவ்வொரு கண்ணியும் நூற்றுக்கு 99 முறை சரியாக அமைகிறது என்று வைத்துக்கொள்வோம். நூறு கண்ணியுள்ள முழுச் செயினும் குறையில்லாமல் அமையும் வாய்ப்பு? நூற்றுக்கு 37கூட இல்லை! மூன்று செயினில் ஏறக்குறைய இரண்டு பழுது. அதனால்தான் தொழிற்சாலைகளில் 99 மார்க் போதாது. உங்கள் வீட்டில் யாராவது அம்பத்தூர் தொழிற்பேட்டையில், அதாவது எஸ்டேட்டில், லேத்திலோ மில்லிங் மெஷினிலோ வேலை செய்தால், டாலரன்ஸ் என்றால் என்ன என்று கேளுங்கள். வரைபடத்தில் சொன்ன அளவுக்கு எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்ற எல்லைதான் அது. வெர்னியரும் மைக்ரோமீட்டரும் வைத்து மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரைக்கும் அளப்பார்கள். அளவு தப்பினால் ரிஜெக்‌ஷன்.

நட்கர்னியின் கைக்கும் அப்படி ஒரு டாலரன்ஸ் இருந்தது. அது எவ்வளவு என்று கணக்கிட முடியுமா? முடியும்.

ஒரு டிகிரி தப்பினால்

உங்கள் ஜாமெட்ரி பாக்ஸில் கோணமானி இருக்கிறதல்லவா? அதிலுள்ள மிகச் சிறிய கோடு ஒரு டிகிரி. அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிரிக்கெட் பிட்சின் நீளம் 20.12 மீட்டர். பவுலர் தன் பக்க ஸ்டம்புக்கு ஏறத்தாழ 1.2 மீட்டர் முன்னால் இருக்கும் கோட்டருகே பந்தை விடுகிறார். ஆக எதிர் ஸ்டம்புக்கு ஏறத்தாழ 18.9 மீட்டர் தூரம். நடு ஸ்டம்பைக் குறி வைத்து, பக்கவாட்டில் ஒரே ஒரு டிகிரி தப்பாக விட்டால், அங்கே போய்ச் சேரும்போது பந்து ஏறத்தாழ 33 சென்டிமீட்டர் விலகியிருக்கும். மூன்று ஸ்டம்பும் சேர்ந்தே 22.86 சென்டிமீட்டர் அகலம்தான்! நடு ஸ்டம்பைப் பார்த்துப் போட்ட பந்து ஸ்டம்புகளுக்கு வெளியே போக, ஒரு டிகிரியில் மூன்றில் ஒரு பங்கு தப்பினால் போதும். கோணமானியில் அதற்குக் கோடே இல்லை.

இது லைன். இனி லெங்த், அதாவது பந்து எவ்வளவு தூரத்தில் பிட்ச் ஆக வேண்டும் என்பது. இரண்டு மீட்டருக்குச் சற்று மேலான உயரத்திலிருந்து, மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில், தரைக்கு இணையாகப் பந்தை விடுவதாக வைத்துக்கொள்வோம். ஈர்ப்பு விசை அதைக் கீழே இழுக்கும். காற்றின் தடையைக் கணக்கில் சேர்க்காவிட்டால், ஏறத்தாழ 14 மீட்டர் தள்ளி விழும். கை ஒரு டிகிரி மேல்நோக்கி விட்டுவிட்டால், ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் இன்னும் தள்ளிப் போய் விழும். நல்ல லெங்த்தில் விழ வேண்டிய பந்து பேட்ஸ்மேன் கிட்டேயே போய் விழுகிறது. அவர் விடுவாரா? டிரைவ் அடித்துவிடுவார்.

கை சுழலும் வேகத்தில் ஒரு டிகிரி கடக்க எவ்வளவு நேரம் ஆகும் தெரியுமா? ஏறத்தாழ ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கண் சிமிட்ட ஆகும் நேரத்தில் இது நூறில் ஒரு பங்குகூட இருக்காது. அந்த நொடித்துளியைப் பிடித்துக்கொண்டு விரல்கள் பந்தை விட வேண்டும். திரும்பத் திரும்ப, ஓவர் ஓவராக, சென்னை வெயிலில்.

இதை யோசித்துச் செய்ய முடியாது. ‘இப்போது விடு’ என்று மூளை நினைத்து விரலுக்குச் சொல்வதற்குள் காலம் கடந்துவிடும். பயிற்சியின்போது, தலையின் பின்பக்கம் கீழே இருக்கும் சிறுமூளை ஒரு வேலை செய்கிறது. பந்து எங்கே விழ வேண்டும் என்று எதிர்பார்த்ததையும், எங்கே விழுந்தது என்பதையும் ஒப்பிட்டு, அடுத்த முறைக்கான அசைவைச் சற்றே திருத்துகிறது. பல்லாயிரம் முறை திருத்திய பிறகு, அந்த அசைவு நினைக்காமலேயே வந்துவிடும். சைக்கிள் ஓட்டக் கற்றதும், ஷூ லேஸ் கட்டக் கற்றதும் இப்படித்தான்.

நட்கர்னியைப் பற்றி ஒரு செய்தி சொல்வார்கள். வலைப்பயிற்சியில் பிட்சின் மேல் ஒரு நாணயத்தை வைத்து, அதன்மேல் பந்தைப் போட்டுப் பழகுவாராம். நாணயம் சிறுமூளைக்குத் தெளிவான குறி. பட்டதா, படவில்லையா என்ற பதில் உடனே கிடைக்கிறது. குறியும் பதிலும் இருந்தால்தான் திருத்தம் நடக்கும். சும்மா நூறு பந்து போடுவதற்கும் குறி வைத்து நூறு பந்து போடுவதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான். 41 டெஸ்ட் ஆடிய நட்கர்னி, மொத்தத்தில் ஓவருக்கு 1.67 ரன் வீதம்தான் கொடுத்திருக்கிறார். ஆக ஜனவரி 12 ஒரே ஒரு நாள் கூத்து அல்ல.

எதிரே நிற்பவர் பகடை அல்ல

இனி, நம் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. கவனித்தீர்களா? பகடைக்கு ஞாபகம் கிடையாது. ஐம்பது டாட் போய்விட்டதே என்று அது பதறாது. அதனால் ஒவ்வொரு உருட்டலும் முந்தைய உருட்டலைச் சாராதது. மட்டை பிடித்து நிற்பவர் அப்படியா?

ஒரு கை தட்டினால் ஓசை வராது. அன்று இங்கிலாந்து அணியில் பலருக்கு வயிற்றுக் கோளாறு. எதிரே 457 ரன் மலை. விக்கெட்டைக் காப்பாற்றினால் போதும் என்று போலஸும் பாரிங்டனும் முடிவெடுத்துத் தடுத்தே ஆடினார்கள். போலஸ் 88, பாரிங்டன் 80 எடுத்தார்கள். அந்த ரன்களுக்கு மற்ற பவுலர்களைத்தான் நம்பியிருந்தார்கள். ஆக ஒரு பந்து டாட் ஆகும் வாய்ப்பை நட்கர்னி மட்டும் உயர்த்தவில்லை. எதிராளியின் முடிவும் சேர்ந்து உயர்த்தியது. இருபது ஓவர் மேட்சில் இதே பந்துகளைப் போட்டால், பேட்ஸ்மேன் அவுட் ஆனாலும் பரவாயில்லை என்று இறங்கி அடிப்பார். பந்து அதேதான், வாய்ப்பு வேறு.

விஞ்ஞானிகள் ஒரு கணக்கைப் போட்டவுடன், ‘இதில் எதைச் சேர்க்காமல் விட்டோம்?’ என்று தங்களையே கேட்பார்கள். நீங்களும் கேட்டுப் பழகுங்கள்.

அந்த மேட்ச் என்ன ஆயிற்று? டிரா. அந்தத் தொடரின் ஐந்து டெஸ்டும் டிரா! நட்கர்னிக்கு அந்த இன்னிங்ஸில் விக்கெட் இல்லை. சந்து போர்டே ஐந்து விக்கெட் எடுத்தார்.

முன்பு கேட்ட 5 பந்துப் புதிருக்கும் விடை சொல்லிவிடுகிறேன். 21 மெய்டனுக்கு முந்தைய ஓவரில் ரன் போன பிறகு வந்த டாட் பந்துகளும், 21 மெய்டனுக்குப் பிந்தைய ஓவரில் ரன் போவதற்கு முன் வந்த டாட் பந்துகளும் சேர்ந்து 5. இதில் இன்னொரு வேடிக்கை. 1957-இல் டர்பனில் இங்கிலாந்துக்கு எதிராக தென்னாப்பிரிக்காவின் ஹியூ டேஃபீல்டு தொடர்ந்து 137 பந்து ரன் கொடுக்காமல் போட்டார். அங்கே அப்போது ஓவருக்கு எட்டுப் பந்து! பந்தை எண்ணினால் டேஃபீல்டு முதலிடம். தொடர் மெய்டனை எண்ணினால் நட்கர்னி. எதை அலகாக எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து சாதனையாளரே மாறிவிடுகிறார்.

பேஸ்பாலிலும் இதே கதை

அமெரிக்காவில் கொண்டாடும் ஆட்டம் பேஸ்பால். அங்கே பந்து எறிபவர் பிட்ச்சர். மூன்று பேரை அவுட் ஆக்கினால் ஒரு அணியின் ஒரு இன்னிங்ஸ் முடியும். ஆட்டத்தில் வழக்கமாக ஒன்பது இன்னிங்ஸ். ஒரே பிட்ச்சர் முழு ஆட்டமும் எறிந்து, எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்காவிட்டால் அது ஷட்-அவுட். வாஷிங்டன் அணிக்கு ஆடிய வால்டர் ஜான்சன் 1907 முதல் 1927 வரை 110 ஷட்-அவுட் எடுத்தார். இன்றுவரை அதுதான் உச்சம். இப்போதெல்லாம் ஒரே பிட்ச்சரை முழு ஆட்டமும் எறியவிடுவதே அபூர்வம் என்பதால், அதை நெருங்குவதும் கடினம்.

தொடர்ந்து ரன் கொடுக்காத இன்னிங்ஸ் சாதனை, லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியின் ஓரல் ஹெர்ஷைசர் பெயரில் இருக்கிறது. 1988-இல் 59 இன்னிங்ஸ். அதே அணியின் டான் டிரைஸ்டேல் 1968-இல் வைத்த 58-ஐ அவர் முந்தினார். நம் பெருக்கலை இங்கேயும் போடுவோம். பொதுவாக பேஸ்பாலில் பத்து இன்னிங்ஸ் நடந்தால் அவற்றில் ஏழில் ரன் வராது. 10-க்கு 7 என்ற வாய்ப்பில் தொடர்ந்து 59 அமைவது நூறு கோடியில் ஒன்றைவிடக் குறைவு. அதை 10-க்கு 9 ஆக உயர்த்தும் பிட்ச்சருக்கோ 500-இல் ஒன்று!

இந்தச் சின்ன மாற்றத்தின் வலிமை விதிகளை எழுதுபவர்களுக்கும் தெரியும். பிட்ச்சர் ஒரு மண்மேட்டின் மேல் நின்றுதான் எறிவார். 1968-இல் பிட்ச்சர்கள் கை ரொம்ப ஓங்கிவிட்டது, ரன்களே குறைந்துபோயின. உடனே அடுத்த ஆண்டு மேட்டின் உயரத்தை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்தார்கள். பேட்ஸ்மேன் அடிக்கக்கூடிய எல்லை என்று நடுவர் கணக்கில் கொள்ளும் பரப்பையும் சுருக்கினார்கள். மேட்டில் குறைத்த உயரம் ஒரு சாண்கூட இல்லை. ஆனாலும் உயரத்திலிருந்து வரும் பந்து அதிகச் சாய்வாக இறங்கும், மட்டையில் பிடிப்பது கடினம். உயரம் குறைந்தால் அந்தச் சாய்வும் குறையும். ஹெர்ஷைசர் 59 எடுத்தது, குறைக்கப்பட்ட அந்த மேட்டில் நின்றுதான்.

செய்து பாருங்கள்

தேவை: ஒரு டென்னிஸ் பந்து, ஒரு செய்தித்தாள், நான்கு கற்கள், ஒரு நோட்டு.

பிட்சில் நல்ல லெங்த் இருக்கும் இடத்தில் செய்தித்தாளை விரித்து நான்கு மூலையிலும் கல் வையுங்கள். தெருவாக இருந்தால் வண்டி வராத இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். 50 பந்து போடுங்கள். தாளில் பட்டால் 1, படாவிட்டால் 0 என்று வரிசையாக எழுதுங்கள். மொத்தம் எத்தனை பட்டது என்பதை 50-ஆல் வகுத்தால் அதுதான் உங்கள் ஒரு பந்து வாய்ப்பு. அந்த எண் ஆறு முறை வரும்படி பெருக்குங்கள். தொடர்ந்து ஆறு பந்து படும் வாய்ப்பு கிடைக்கும். பிறகு நோட்டைப் பார்த்து, உண்மையில் எங்காவது ஆறு 1 தொடர்ந்து வந்திருக்கிறதா என்று தேடுங்கள். இரண்டு வாரம் பழகிவிட்டு மறுபடி எண்ணுங்கள். ஒரு பந்து வாய்ப்பு கொஞ்சம்தான் கூடியிருக்கும். நீண்ட தொடர்களைப் பாருங்கள், அங்கேதான் ஆச்சரியம்.

கடைசியாக ஒரு கணக்கு. பாதிக்குப் பாதி வாய்ப்பாவது வேண்டும் என்றால் எவ்வளவு துல்லியம் தேவை? ஒரு மெய்டனுக்குப் பத்துக்கு ஒன்பது பந்து சரியாக இருந்தால் போதும். நீங்களே எட்டிவிடலாம். தொடர்ந்து 131 பந்துக்கோ 200-க்கு 199 சரியாக இருக்க வேண்டும். கால்குலேட்டரை எடுத்து 0.995-ஐ 131 முறை பெருக்கி, நான் சொன்னது சரியா என்று சோதித்துவிடுங்கள்.